ஒன்பதாம் படுக்கையின் சாப்பாட்டு அட்டை

எங்கள் ஆஸ்பத்திரியில், வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குச் சாப்பாடு கலக்குவது என் வேலை. சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரு எஃகு மேஜை, ஒரு குளிர்பெட்டி, அலமாரி நிறையப் பொடி டப்பாக்கள். பொடியை ஆறவைத்த நீரில் கலக்கி, பையில் ஊற்றி, படுக்கை எண்ணை ஒட்டி அனுப்பினால் அது மேலே வார்டுக்குப் போகும். மூக்கு வழியாக இறக்கிய மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் போய்ச் சேரும். பார்க்கப் பால் மாதிரி இருப்பதால் எனக்குப் பால்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை.

தட்டக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். இரண்டாம் மாடி வார்டில் வேளாவேளைக்குத் தட்டு வைப்பதும் எடுப்பதும் அவருடைய வேலை. நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், பத்தொன்பது வருடம் முன்பு. அதற்கு முன் ஒரு துணிக்கடையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கண் அவரை விட்டுப் போகவில்லை. தள்ளுவண்டியில் நாற்பது தட்டு அடுக்கியிருந்தாலும் எந்தத் தட்டில் ஸ்பூன் இல்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் குத்தல் இருக்கும். ஒருமுறை நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்தபோது, "வாங்க பால்காரரே, நீங்க இல்லாததுல யாருமே சாகல" என்று வரவேற்றார்.

அவர் தட்டு எடுப்பவர் மட்டும் அல்ல. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை தொங்கும். அதில் வேளைக்கு ஒரு வட்டம். தட்டை எடுக்கிறவர் மிச்சத்தைப் பார்த்து அந்த வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். முழுக்கச் சாப்பிட்டிருந்தால் முழு வட்டம். இல்லாவிட்டால் முக்கால், அரை, கால். தொடவே இல்லையென்றால் வெறும் வட்டம். மூன்று நாள் தொடர்ந்து அரைக்குக் கீழே போனால் டயட்டீஷியன் வருவார். அவர் வந்தால் பெரும்பாலும் குழாய்தான். பெரிய டாக்டர்கள் வருகிறார்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார்கள், போகிறார்கள். உள்ளே எவ்வளவு இறங்கியது என்பது தட்டக்காவின் பென்சிலுக்குத்தான் தெரியும்.

டயட்டீஷியன் முப்பது வயதுப் பெண். எதைக் கேட்டாலும் கிராம் கணக்கில் பதில் சொல்வதால் அவருக்குக் கிராம் மேடம் என்று பெயர். இந்தப் பெயரும் என் கைங்கரியம்தான், அவருக்குத் தெரியாது.

தட்டக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் புருஷன் மாமாதானே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டே அறை உள்ள மூன்றாம் மாடி வீடு. மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். நான்கு வருடமாக வீட்டில் சமையல் மாமாதான். சாப்பாட்டில் மன்னன். "அவர் தட்டு முன்னாடி உக்காந்தாலும் கிரேன்தான். தூக்குறதோட சரி, இறக்குற பேச்சே கிடையாது" என்று தட்டக்கா சொல்வார். இப்படிச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

அந்த மனிதருக்குத்தான் போன வருடக் கடைசியில் விழுங்குவது சிரமமாயிற்று. உணவுக்குழாயின் அடியில் கட்டி. வெட்டி எடுத்துவிடலாம், காலம் தாழ்த்தாமல் வந்திருக்கிறார் என்றார் சர்ஜன். ஆனால் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அது சரியாக இரண்டு வாரம் ஆகும், அதுவரை உடம்பு இளைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இளைத்த உடம்பில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லி ஒரு சனிக்கிழமை சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் படுக்கை, ஜன்னலோரம். தட்டக்காவின் வார்டு.

சொந்தக்காரர் படுத்திருக்கும் கட்டிலின் அட்டையை ஊழியர் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் தட்டு வைத்தவர், சொந்தப் புருஷனுக்கு வைத்துவிட்டுப் போகட்டுமே என்று சூப்பர்வைசர் கண்டுகொள்ளாமல் விட்டார். நல்லெண்ணம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கிற தவறுகளில் பாதி நல்லெண்ணத்தில் நடப்பவை.

இனி சொல்லப்போவதில் பாதி, பிறகு தட்டக்கா சொல்லித் தெரிந்தது. முதல் நாள் மதியம் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்திருக்கிறார். மாமா இரண்டு ஸ்பூன் எடுத்தார், குமட்டியது, தட்டைத் தள்ளிவிட்டார். இரவும் அதே கதை. டீயும் தண்ணீரும் மட்டும் இறங்கின.

"வெறும் வட்டம் போட்டா மூணாம் நாளு குழாய் வந்துரும். ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார் தட்டக்கா.

மாமாவின் அண்ணன் மூன்று வருடம் முன்பு வேறொரு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் குழாயோடு கிடந்து செத்துப்போனவர். பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்களாம். மாமாதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்.

"கையக் கட்டிப்போட்டு மூக்குல ஊத்துனாங்க. அண்ணன் என்னப் பாத்த பார்வை இன்னும் போகல. எனக்கு மட்டும் அது வந்துச்சு, எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன். ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்கிற ஆள். தட்டக்கா கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். பிறகு பென்சிலை எடுத்து முக்கால் வட்டம் நிரப்பினார்.

வட்டம் நிரப்பினால் போதாது, தட்டும் ஒத்துப்போக வேண்டும். கிராம் மேடம் போகிற போக்கில் தள்ளுவண்டியை எட்டிப் பார்க்கிற ரகம். தொட்டியில் கொட்டவும் முடியாது, வார்டு வாரியாக மிச்சத்தை எடை போடுகிறார்கள். அதனால் ஒன்பதாம் படுக்கையின் முக்கால் தட்டை வேளாவேளைக்குத் தட்டக்காவே சாப்பிட்டார். படுக்கை விரிப்புகள் அடுக்கும் துணி அறையில், நின்றபடி.

மூன்றாம் நாள் நான் அதைப் பார்த்தேன். தலையணை உறை வாங்கப் போனவன் கதவைத் திறந்தால், உள்ளே தட்டக்கா கையில் தட்டோடு மென்றுகொண்டிருக்கிறார். பசியும் இல்லை, ருசியும் இல்லை, மாத்திரை விழுங்குகிற முகம். நோயாளிகள் மிச்சம் வைத்ததை ஊழியர்கள் சாப்பிடக்கூடாது, ஆனால் சாப்பிடாத ஊழியர் இங்கே யாரும் இல்லை. வீட்டில் சமைக்கிற ஆள் இங்கே படுத்துவிட்டார், பாவம், இவருக்கு யார் ஆக்கிப் போடுவார்கள் என்று நினைத்தேன். சமையலறையில் சொல்லி அடுத்த நாளிலிருந்து ஒன்பதாம் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைக்கச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த முட்டையையும் அவர்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

இப்படி ஒரு நாள் லீவுகூடப் போடாமல் பன்னிரண்டு நாள் ஓட்டினார். வார்டின் எடை மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது திரும்பி வந்தது புதன்கிழமை. மாமாவை ஏற்றி நிறுத்தினார்கள். ஆறரை கிலோ குறைந்திருந்தார். சர்ஜன் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். வரிசையாக முக்கால், முக்கால், முக்கால்.

"இவ்வளவு சாப்பிட்டும் இப்படி இளைச்சிருக்காருன்னா கட்டி உறிஞ்சுது. உடனே குழாயப் போட்டு முழு அளவுல ஏத்துங்க. பத்து நாள் ஏத்துனாதான் நான் தொடுவேன்" என்றார்.

அன்று ராத்திரி அவரே மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியிருக்கிறார். கையைக் கட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். மாமாவுக்கும் எழுந்து கழிவறைக்குப் போகத் தெம்பில்லை. சரி என்றார். தட்டக்கா அதற்குள் ராத்திரித் தட்டுகளை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை அவர் வருவதற்கு முன்பே குழாய் இறங்கிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற உடம்புக்கு முழு அளவு கொடுக்கலாம். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்குக் கொடுக்கக்கூடாது. சத்து திடீரென்று உள்ளே போனதும் ரத்தத்தில் இருக்கிற உப்புகள் சரசரவென்று இறங்கிவிடும். மூச்சு திணறும், இதயம் தாறுமாறாக அடிக்கும், நின்றும் போகும். பட்டினியில் பிழைத்தவர் சாப்பாட்டில் சாவார். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் வைட்டமின் ஊசி, பிறகு கால் அளவு, தினமும் ரத்தப் பரிசோதனை. அவர்கள் பைக்கு மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். ஆரம்பிக்கும் முன் ரத்தத்தைச் சோதித்தால் எதுவும் தெரியாது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். யார் பட்டினி, யார் பட்டினி இல்லை என்று சொல்வது அந்த அட்டைதான். மஞ்சள் சீட்டு எதற்கு என்று எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவருக்கும் தெரியும். தட்டக்காவுக்குத் தெரியாதா?

அந்த வியாழக்கிழமை காலை என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். ஒன்பது, முழு அளவு, வெள்ளைச் சீட்டு. நான் அப்போதுதான் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் பின்னாலேயே படியேறி வந்தார்.

கிராம் மேடம் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தார். நான் பையைக் கம்பியில் மாட்டினேன். நர்ஸ் குழாயை இணைத்தார். திருகைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

"மேடம், திறக்காதீங்க" என்றார் தட்டக்கா. "இவர் பன்னெண்டு நாளா எதுவும் சாப்பிடல. அட்டைல இருக்கறது பொய். நான்தான் போட்டேன்."

காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார். அதனாலோ என்னவோ, யாருக்கும் அது சட்டென்று உறைக்கவில்லை.

மாமா தலையைத் தூக்கினார். மூக்கில் குழாயோடு பேசுவது கஷ்டம், தொண்டை கரகரத்தது. "அவ பயந்துபோய் உளர்றாம்மா. குழாயப் பாத்ததும் மிரண்டுட்டா. நான் சாப்பிட்டேன். முக்கால் தட்டு சாப்பிட்டேன். நீங்க திறங்க."

அவருக்கு மஞ்சள் சீட்டு பற்றி எதுவும் தெரியாது. அவர் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: தட்டக்கா ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, பொய் வட்டம் போட்டேன் என்று வாயாலேயே ஒப்புக்கொண்டால் இன்றோடு வேலை போய்விடும். குழாய்தான் வந்துவிட்டதே, இனி அவளையாவது காப்பாற்றலாம் என்று நினைத்திருக்கிறார்.

கிராம் மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, குழாயத் தள்ளிப்போடணும்னு சொல்றீங்களா? ஒவ்வொரு நாள் தள்ளிப்போனாலும் ஆபரேஷன் தள்ளிப்போகும். அது இவருக்கு நல்லதில்ல. நோயாளியே சாப்பிட்டேன்னு சொல்றாரு. அட்டையும் அதையேதான் சொல்லுது."

அவர் சொன்னதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். துணி அறையில் பார்த்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவேண்டும் என்று தெரிகிறது, திறக்க வரவில்லை.

தட்டக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். "சனிக்கிழமை மதியம் மசிச்ச கிழங்கு, உப்பு இல்ல. ஞாயித்துக்கிழம காலைல ரொட்டி, ஓரம் காஞ்சிருந்துச்சு. மதியம் பூசணி சூப்பு. திங்கக்கிழம கேரட்டு வேகல, கடிக்கவே முடியல, ராத்திரி புட்டிங்கு தண்ணியா இருந்துச்சு. செவ்வாக்கிழமலருந்து ரெண்டு முட்டை. எனக்கு முட்டை ஆகாது, அன்னிக்கு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்."

ஒவ்வொரு வேளையும் சொன்னார். நிறுத்தவே இல்லை. எல்லாம் அவர் நாக்கில் இருந்தது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கிராம் மேடம் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு மாமாவிடம் குனிந்தார். "ஐயா, நீங்க சொல்லுங்க. போன வியாழக்கிழமை மதியம் பருப்பு சூப்பு குடுத்தாங்க. எப்படி இருந்துச்சு?"

மாமா யோசித்தார். "நல்லா இருந்துச்சும்மா. கொஞ்சம் உப்பு கம்மி. மத்தபடி நல்லா இருந்துச்சு."

போன வியாழக்கிழமை சமையலறையில் அந்த சூப் அடிப்பிடித்துவிட்டது. புகை வாடை மாடிப்படி வரை வந்தது. முப்பத்தேழு கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது, தலைமைச் சமையல்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். அன்று ஒன்பதாம் படுக்கையின் அட்டையில் முக்கால் வட்டம் இருந்தது.

"கரி மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிச்சேன்" என்றார் தட்டக்கா.

கிராம் மேடம் பையைக் கம்பியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "கால் அளவு, மஞ்சள் சீட்டு. முதல்ல ஊசி போடட்டும்" என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். "ஏண்டி சொன்ன?" என்று மட்டும் கேட்டார். தட்டக்கா அவர் போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டு மூன்றாம் கட்டிலின் தட்டை எடுக்கப் போனார்.

கால் அளவுக்கே இரண்டாம் நாள் மாமாவின் ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது. கால் வீங்கியது, கை நடுங்கியது. நரம்பு வழியாக மருந்து ஏற்றி, அளவை இன்னும் குறைத்து, ஒரு இரவும் பகலும் போராடி மேலே கொண்டுவந்தார்கள். முழு அளவு போயிருந்தால் அன்று ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டார் என்று கிராம் மேடம் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கை பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் மதியம் கிராம் மேடம் தட்டக்காவை என் அறைக்கு அழைத்து வந்தார். சூப்பர்வைசருக்கு முன்னால் கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் வெளியே போகிறேன் என்றேன், இருங்கள் என்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இப்படி வட்டம் போட்டது உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தானா?"

"கேட்டவங்களுக்கெல்லாம் போட்டேன்" என்றார் தட்டக்கா.

"எத்தனை பேருக்கு?"

"அழுவாங்க மேடம். குழாய் வேண்டாம்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. நாளைக்கு சாப்பிட்டுருவேன், இன்னிக்கு மட்டும் போடுங்கம்பாங்க. போட்டேன்." பிறகு, யாரும் கேட்காமலேயே, கட்டில் எண்ணையும் ஆளையும் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டாம் படுக்கைத் தையல்காரம்மா, வீட்டுக்குப் போயிட்டாங்க. நாலாம் படுக்கை தபால்காரர், வீட்டுக்குப் போயிட்டார். ஏழாம் படுக்கைப் பொண்ணு, வீட்டுக்குப் போகல. கிராம் மேடம் எழுதிக்கொண்டே வந்தார். போனவர்களையும் போகாதவர்களையும் தட்டக்கா ஒரே குரலில் சொன்னார். இருபத்திரண்டு பேர். போகாதவர்கள் ஐந்து.

"ஆறாம் படுக்கை, பள்ளிக்கூட வாத்தியார்" என்றார் கடைசியாக. "போகல."

என் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்தேன். அந்த வாத்தியார், இளைத்துக்கொண்டே போனதால் குழாய் போட்ட மூன்றாம் நாள் செத்துப்போனவர். எட்டு மாதம் ஆகிறது. அட்டைப்படி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்படிச் செத்தார் என்று யாருக்கும் புரியவில்லை. பால்காரர் பொடியைக் கூடுதலாகப் போட்டிருப்பார் என்று பேச்சு வந்தது. என் தராசை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள், என்னை மூன்று நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். தவறு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நிரூபிக்கப்படவில்லை என்றுதான் எழுதினார்கள், தவறு இல்லை என்று எழுதவில்லை. அந்த மூன்று நாளும் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது தட்டக்கா. எட்டு மாதமாக ஒவ்வொரு கரண்டிப் பொடியையும் மூன்று முறை நிறுக்கிறேன். என் மனைவிகூட என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"நோயாலயும் இறந்திருக்கலாம். யார் எதனால இறந்தாங்கன்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் கிராம் மேடம், காகிதத்தைப் பார்த்தபடியே. எனக்காகச் சொன்னாரா, தட்டக்காவுக்காகவா, தனக்கேவா என்று தெரியவில்லை. முழு அளவு என்று கையெழுத்துப் போட்டது அவர்.

"அக்கா" என்றேன். "அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தட்டக்கா என்னை நேராகப் பார்த்தார். "தெரியும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகை, ஆறுதல், எட்டு மாதப் பாரம் இறங்கிய நிம்மதி எதுவும் வரவில்லை. கிராம் மேடம் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். தட்டக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வார்கள் என்பது மூவருக்கும் தெரியும். இன்றைய வேலை நேரம் இன்னும் முடியவில்லை.

மணி நான்காகப் போகிறது. நான்கு மணிக்கு ஒன்பதாம் படுக்கைக்குப் பை போக வேண்டும். கையைக் கழுவினேன். பொடியை எடுத்துத் தராசில் வைத்தேன். தட்டக்கா போகாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முறைதான் நிறுத்தேன்.